சைலஸ் பாஸான ரத்தப் பரிசோதனை

சைலஸின் சி.ஆர்.பி. எண்பத்து நான்கு என்ற செய்தி, சைலஸுக்குத் தெரிவதற்கு முன்பே சபைக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிறு ஆராதனையின் அறிவிப்புகளில், ஒரு திருமண அறிவிப்புக்கும் காணாமல்போன ஒரு குடைக்கும் நடுவில், எட்மண்ட் அதை வாசித்தார். "வெள்ளிக்கிழமை நூற்றுத்தொண்ணூறு. இன்று காலை எண்பத்து நான்கு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." சபையும் ஸ்தோத்திரம் என்றது. சி.ஆர்.பி. என்றால் என்னவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சுகரோ, கொலஸ்ட்ராலோ, பெட்ரோல் விலையோ, எதுவானாலும் இறங்கினால் நல்லது என்பது ஊரிகத்தில் குழந்தைக்கும் தெரியும்.

எட்மண்ட், சைலஸின் மனைவி ஃப்ளோராவின் அண்ணன். சபைக் கமிட்டிக்குச் செயலாளர், கல்லறைத் தோட்டக் கமிட்டிக்குச் செயலாளர், ரயில் பயணிகள் சங்கத்துக்கும் செயலாளர். அவர் ரயிலேறிப் பத்து வருஷமாகிறது. சைலஸுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரியவந்த அன்று, யாரும் கேட்காமலே அந்தக் கணையத்துக்கும் செயலாளராகிவிட்டார்.

அறுவை சிகிச்சை பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு மணி நேரம் நடந்தது. கணையத்தின் தலைப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். தைத்தவர் டாக்டர் ரூபேஷ். ஊரிகத்துக்குப் பக்கத்தில் மைசூர் மைன்ஸில் பிறந்து எட்டு வயதில் ஊரை விட்டுப் போனவர். அதனால் தங்கச் சுரங்க ஊரான கே.ஜி.எஃப். முழுக்க அவரைத் தன் மடியில் போட்டு வளர்த்தது போலப் பேசிக்கொண்டது.

மறுநாள் அவர் சைலஸின் மகள் வினோலியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார்.

"கணைய நீர் இருக்கே, அது நாம சாப்பிடற கறியைக் கரைக்கறதுக்காக இருக்கறது. தையல் கொஞ்சம் விட்டுச்சுன்னா வயித்துக்குள்ள கசியும். அங்க போனா அதுக்கு ஆட்டுக்கறி, அப்பா கறின்னு வித்தியாசம் தெரியாது."

வினோலியாவுக்கு முப்பத்தொரு வயது. தினம் காலையில் ஊரிகத்தில் ரயிலேறிப் பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் ஆபீஸுக்குப் போய் வருகிறவள். கேட்டாள்: "கசிஞ்சா எப்படி சார் தெரியும்?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. "வெளியே தெரியறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே ரத்தம் சொல்லிடும். அதை வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும்."

வாசிப்பதற்கு அவர் ஒரு ஆப் செய்து வைத்திருந்தார். சி.ஆர்.பி. என்பது உடம்புக்குள் எங்காவது புண்ணோ சீழோ இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு பொருள். அதையும், இன்னும் சில அளவுகளையும் உள்ளே போட்டால் போனில் ஒரு வட்டம் வரும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும். சிவப்பு என்றால் ஸ்கேனுக்கு ஓட வேண்டும். அதற்கு 'ரூபேஷ் இண்டெக்ஸ்' என்று பேர். "பேரு நான் வைக்கலை. ஜூனியர்ஸ் ஆசைப்பட்டு வெச்சாங்க" என்றார். ஜூனியர்கள் அந்த நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை தொண்ணூற்றொன்பது நோயாளிகள். பச்சை காட்டி ஒருவருக்கும் பிசகியதில்லை. சைலஸ் நூறாவது. மாசக் கடைசியில் ஒரு மாநாடு இருந்தது. தொண்ணூற்றொன்பதோடு மாநாட்டுக்குப் போகிறவர் யார்?

"மூணு நாள் முன்னாடி தெரிஞ்சா காப்பாத்திடலாம்" என்றார் டாக்டர். "மூணு நாள் கழிச்சுத் தெரிஞ்சா..." என்று கையை விரித்தார். வினோலியாவின் மனதில் ஆப் தங்கவில்லை. அந்த விரித்த கை தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை சி.ஆர்.பி. நூற்றுத்தொண்ணூறு. வட்டம் மஞ்சள். ஐந்தாறு பேர் புடைசூழ டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார்.

"மஞ்சள்தான். பரவாயில்லை. ஞாயித்துக்கிழமை நூறுக்குக் கீழ வந்தா பச்சை. பச்சைன்னா வீடு."

மூக்கில் குழாயோடு படுத்திருந்த சைலஸ் தலையைத் தூக்கினார். "எம்மாத்துக்குக் கீழ வரணும் சார்?"

"நூறு."

"வந்துடும் சார்" என்றார் சைலஸ். லீவு கேட்டுப் போனவன், திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்கிற குரல் அது. டாக்டர் ஜூனியர்கள் பக்கம் திரும்பி, "இந்த மனசுதான் பாதி மருந்து" என்றார். ஜூனியர்களில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சைலஸ் ஃப்ளோராவிடம் கண்ணாடிப் பெட்டியைக் கேட்டு வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். படிக்க அங்கே பேப்பர்கூட இல்லை. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஞாயிறு எண்பத்து நான்கு. செவ்வாய்க்கிழமை வீடு.

வயிற்றில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைத்து, அதன் முனையில் ஒரு பையை மாட்டி அனுப்பினார்கள். வியாழனும் சனியும் ராபர்ட்சன்பேட்டையில் உள்ள லேபில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிறகு குழாயை எடுத்துவிடுவார்கள்.

எட்மண்டுக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையே ஸ்தோத்திர ஆராதனை என்று அறிவித்தார். சிறப்பு விருந்தினர் டாக்டர் ரூபேஷ். இருநூறு பேருக்குப் பிரியாணி. பேனரின் மாதிரியை போனில் வினோலியாவுக்குக் காட்டினார். டாக்டர் பெரியதாக, எட்மண்ட் நடுத்தரமாக, சைலஸ் தபால்தலை அளவில் இருந்தார்கள். கர்த்தருக்கு இடம் போதவில்லை. மூலையில் ஒரு புறா இருந்தது.

வினோலியா பேனரைப் பார்க்கவில்லை. காலையில் பையில் பார்த்ததையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அதில் இறங்கிய தண்ணீர் வெறும் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. புதன்கிழமையிலிருந்து கலங்கி, சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு நாற்றமும் இருந்தது.

"மாமா, பையில வர்ற தண்ணி நெறம் மாறியிருக்குது."

"நெறத்தப் பாக்காத கண்ணு. நம்பரப் பாரு."

"சரியா சாப்பிடறதும் இல்ல. விக்கல் வந்துக்கினே இருக்குது."

"விக்கல் வந்தா யாரோ நெனைக்கிறாங்கன்னு அர்த்தம். சபையே நெனைக்குது, வராம இன்னா பண்ணும்? ஜுரம் கீதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா?"

ஜுரம் இல்லைதான். வியாழக்கிழமை ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பையின் நிறத்தைச் சொன்னாள். எடுத்த பெண், "சி.ஆர்.பி. எவ்வளவு மேடம்?" என்று கேட்டாள். சொன்னதும், "பச்சை மேடம், கங்கிராட்ஸ்" என்றாள். வினோலியா மறுபடியும் நிறத்தைச் சொன்னாள். அந்தப் பெண் மறுபடியும் பச்சை என்றாள். இரண்டு பேரும் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

சைலஸோ, யாராவது கதவைத் தட்டினால் கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். "எப்படிக் கீற சைலஸு?" என்றால், "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பார். வந்தவர் போனதும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி கட்டிலுக்கு வருவார். வினோலியா அதைச் சமையலறை வாசலிலிருந்து இரண்டு முறை பார்த்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த மூன்று நாள் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்ல வேண்டிய ரத்தம் தினம் நல்ல செய்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் லேபில் வேலை செய்கிற லதாவே வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனாள். லதாவின் அப்பா நாகேஷும் சைலஸும் சுரங்கத்தில் ஒரே ஷாஃப்டில், ஒரே கேங்கில் இறங்கியவர்கள். பதினொரு மணிக்கு லதா போன் செய்தாள்.

"வினோ, ரிப்போர்ட்ட போட்டோல அனுப்ப மாட்டேன். நேர்ல வா."

வினோலியா ஆட்டோ பிடித்து ராபர்ட்சன்பேட்டைக்குப் போனாள். மெஷின் பக்கத்தில் லதா இரண்டு தாள்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு தபா ஓட்டிட்டேன். சி.ஆர்.பி. இருபத்தொம்பது. நல்லா கீது. ஆனா வெள்ளணு பாரு, இருபத்தோராயிரம். பதினோராயிரத்துக்குள்ள இருக்கணும். ரெண்டும் ஒரே ஆளு ரத்தம் மாதிரியே இல்ல."

"அப்படின்னா?"

"உங்கப்பாவுக்கு வீசிங் மாத்திரை ஏதாவது குடுக்கிறீங்களா?"

"இல்லியே. ஆஸ்பத்திரி ஃபார்ம்லயே எந்த மாத்திரையும் இல்லைன்னுதான் எழுதினாரு."

"அவரு எழுதுவாரு" என்றாள் லதா. "எங்கப்பாவும் எழுதினாரு. சின்னதா, வெள்ளையா இருக்கும். ஸ்டீராய்டு. மைன்ஸ்ல மெடிக்கல் வருதுன்னா ஒரு வாரம் முன்னாடியே நாலு நாலா முழுங்குவாங்க. அத முழுங்கினா வீக்கம் அடங்கிடும், ஜுரம் வராது, சி.ஆர்.பி. ஏறாது. வெள்ளணு மட்டும் ஏறும். உள்ள எரிஞ்சிக்கினே இருக்கும். வெளிய பொகை வராது, அவ்ளோதான்."

மெடிக்கல் என்று அவள் சொன்னது, சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சில வருஷங்களுக்கு ஒருமுறை ஆட்களை வரிசையில் நிறுத்தி நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற பரிசோதனையை. கல்தூசி ஏறிய நெஞ்சு இரைந்தால் 'அன்ஃபிட்' என்று மேலே தரை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அண்டர்கிரவுண்ட் ஆள் தரையில் நின்று கூட்டிப் பெருக்குவதைவிட அவமானம் வேறு கிடையாது. ஆகவே மாத்திரை. டாக்டரை ஏமாற்றுவதாக ஒருவரும் நினைத்ததில்லை. போட்டோவுக்கு முன் தலை வாரிக்கொள்வது போலத்தான் நினைத்தார்கள். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் சைலஸ் எந்த டாக்டருக்கு முன்னாலும் தலை வாரிக்கொண்டுதான் நின்றார்.

வினோலியா வீட்டுக்கு வந்தபோது, எட்மண்ட் சைலஸுக்கு நாளைய சாட்சியைப் பழக்கிக்கொண்டிருந்தார். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கில் நடந்தேன்னு ஆரம்பி. அப்புறம் டாக்டர் பேரு. அப்புறம் கமிட்டி."

சைலஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கில் இருந்தது. கண்ணாடிப் பெட்டி மடியில் இருந்தது. வினோலியா குனிந்து அதை எடுத்துத் திறந்தாள். ஒரு அட்டையில் ஆறு மாத்திரை மிச்சமிருந்தது.

"இது இன்னா டாடி?"

"மாத்திர."

"எப்பலேந்து?"

"வெள்ளிக்கெழமலேந்து. நாலு நாலா." அவர் குரலில் ஒளிவு இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நூறுக்குக் கீழ வரணும்னு சொன்னாரு இல்ல டாக்டரு. தொண்டை நனைக்கக் குடுத்த தண்ணியிலயே முழுங்கினேன். கொண்டாந்துட்டேன் பாத்தியா?"

"அது உனக்கு வெச்ச பரீட்சை இல்ல டாடி. உள்ள போட்ட தையல் நிக்குதான்னு பாக்க வெச்சது."

"மெடிக்கல்னா ஆளுக்குத்தாம்மா வெப்பாங்க. தையலுக்கு எவன் மெடிக்கல் வெப்பான்?"

வாசலில் வந்து நின்ற ஃப்ளோரா, "நான்தான் வினோ குடுத்தேன். கண்ணாடிப் பெட்டின்னு கேட்டாரு, குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வினோலியா அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "வலி கீதா?"

சைலஸ் எட்மண்டைப் பார்த்தார். "மச்சான், நீ கொஞ்சம் வெளிய போறியா?"

செயலாளர் இல்லாமல் ஒரு கூட்டம் நடப்பது எட்மண்டுக்குப் புரியவில்லை. அவர் அசையவில்லை. சைலஸ் சுவர்ப் பக்கம் திரும்பிச் சொன்னார். "கீது. தோள்பட்டை வரைக்கும் ஏறுது. நாலு நாளா கீது."

வினோலியா எண்ணிப் பார்த்தாள். மூன்று நாள் முடிந்து நான்காவது நாள் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் ரூபேஷின் சொந்த நம்பர் எட்மண்டிடம் இருந்தது; பேனருக்காக வாங்கியது. எட்மண்ட் கொடுக்கத் தயங்கினார். அவள் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிப் பேசினாள்.

"ஸ்டீராய்டா?" என்றார் டாக்டர். "ஃபார்ம்ல இல்லையே."

"ஃபார்ம எழுதினது எங்கப்பா சார்."

"இப்ப எதுக்கும் சி.ஆர்.பி. எவ்வளவு?"

"இருபத்தொம்பது."

"அது பச்சைதானே..."

"சார், போன் பச்சை காட்டுது. பை சாம்பல் காட்டுது. வெள்ளணு இருபத்தோராயிரம். தோள்பட்டை வலிக்குதுங்கிறாரு. நான் கூட்டினு வரேன்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு வந்தது வேறு குரல். அதில் மாநாடு இல்லை. "ஒரு நிமிஷம்கூட லேட் பண்ணாதீங்க. வாய்க்கு எதுவும் கொடுக்காதீங்க. ஸ்கேனுக்குச் சொல்லி வைக்கிறேன்." கண்டுபிடிப்பாளராக இல்லாத நேரங்களில் அவர் நல்ல டாக்டர்தான்.

"நாளைக்கு மத்தியானம் ஆராதனை முடிஞ்சி போனா ஆவாதா?" என்றார் எட்மண்ட். "டாக்டரே இங்க வராரு. ஆஸ்பத்திரியே நம்ம வீட்டுக்கு வர்றப்ப நாம ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவணும்? பிரியாணிக்கு வேற சொல்லியாச்சி."

"மாமா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. இல்லன்னா வழிய விடுங்க."

எட்மண்ட் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது வந்ததும் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று செய்தி அனுப்பினார். பின்னால் சைலஸ் மகளின் கையைப் பிடித்தபடி, "பாஸாயிட்டேனே வினோ, பாஸாயிட்டேனே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஹொஸ்கோட்டேக்கு அப்பால் அதையும் சொல்லவில்லை.

ஸ்கேனில் தையலுக்குப் பின்னால் ஒரு குட்டை தெரிந்தது. சீழ் பிடித்திருந்தது. அன்று மாலையே ஊசி வழியாக இன்னொரு குழாயை உள்ளே விட்டார்கள். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினாலும் ஆபத்து என்று அவர்களே அளந்து கொடுத்துக் குறைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரிகத்தில் பேனரில் 'ஸ்தோத்திர' என்ற இடத்தின் மேல் தாள் ஒட்டி 'சிறப்பு ஜெப' என்று எழுதினார்கள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் அந்த நேரத்தில் முகத்தில் மாஸ்க்கோடு சைலஸின் குழாயைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிரியாணி மிச்சமில்லை என்று எட்மண்ட் தெரிவித்தார்.

புதன்கிழமை டாக்டர் வராந்தாவில் வினோலியாவைப் பார்த்து நின்றார்.

"இன்னும் சொல்ல முடியாது. ஆனா ஒரு நாள் லேட்டா வந்திருந்தீங்கன்னா சொல்றதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது."

"சார், உங்க நூறு?"

"அவரை எக்ஸ்க்ளூட் பண்ணிட்டோம்மா. டேட்டா சுத்தமா இல்லை. சிவமொக்காவிலிருந்து ஒரு வாத்தியார் வந்திருக்கார். அவரோட நூறு ஆயிடும். அவருக்குப் பச்சை."

"அந்தத் தொண்ணூத்தொம்பது பேர்ல எங்க ஊர்க்காரங்க எத்தினி பேரு சார்?"

"ஒரு பதினாலு பதினஞ்சு இருக்கலாம். ஏன்?"

"அவங்க கண்ணாடிப் பெட்டிய யாராவது தொறந்து பாத்தீங்களா?"

டாக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது அவர் போன் அடித்தது. அதை எடுத்துக்கொண்டு நடந்தார். வராந்தா முனையில் பேசி முடித்த பிறகும், போனைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

வினோலியா உள்ளே போனாள். சைலஸ் கண்ணைத் திறந்தார். உதடு வெடித்திருந்தது.

"இன்னிக்கி எம்மாம்?"

"எரநூத்தி அறுபத்துநாலு."

அவர் முகம், தரை வேலைக்கு அனுப்பப்பட்டவன் முகமாகிவிட்டது. காலையில் அந்த எண்ணைக் கேட்டதும் வினோலியா நர்ஸை மறுபடியும் பார்த்துச் சொல்லச் சொன்னாள். ஆனாலும் பத்து நாளில் அவள் நம்பிய முதல் எண் அதுதான்.

"நாளைக்கும் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க."

"எம்மாத்துக்குக் கீழ வரணும்?"

"தெரியாது டாடி."

"உனக்குத் தெரியும்" என்றார் சைலஸ். மெடிக்கலில் டாக்டரின் முகத்தைப் படிக்கிற மாதிரி அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தார். அவள் கட்டிலுக்கடியில் தொங்கிய பையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள். அவள் நிமிர்வதற்குள் அவராகவே சொன்னார்: "தோளு வலிக்குது வினோ. நேத்திக்கு இப்ப கம்மி. ஆனா வலிக்குது."

யாரும் கேட்காமல் அவர் வாயிலிருந்து அப்படியொன்று வந்ததை அவள் கேட்டதே இல்லை.

போன் அதிர்ந்தது. எட்மண்ட். 'இன்றைய நம்பர்? குழு காத்திருக்கிறது.'

வினோலியா எழுதினாள்: 'தோள் வலிக்கிறதாம். அவரே சொன்னார்.'

உடனே பதில் வந்தது. 'சரிம்மா. ஏறிச்சா எறங்கிச்சா? அத சொல்லு.'

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கலங்கல் அப்படியே இருந்தது. அடியில் மட்டும், விரலளவுக்கு, கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. அது ஜன்னல் வெளிச்சமாகவும் இருக்கலாம் என்று அவள் பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தாள்.